கேமிங் லேப்டாப்புக்குப் புது டிஸ்க்: வாங்கும் முன் அடிமூடியைக் கழற்றிப் பாருங்கள்

அக்கா பையன் பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். போன மாதம் ஒரு சனிக்கிழமை கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டுக்கு வந்தவன், செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டான்: “மாமா, லேப்டாப்புக்கு 2 டிபி ஹார்டு டிஸ்க் போடணும். 7200 ஆர்பிஎம் போட்டா கேம் வேகமா ஓடுமா?”

அவனுடையது 2021-ல் வாங்கிய கேமிங் லேப்டாப். ரைசன் 5000 வரிசை பிராசசர், 8 ஜிபி ரேம், விண்டோஸுக்கு 256 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே எழுதும் டிஸ்க்), மற்ற எல்லாவற்றுக்கும் 1 டிபி ஹார்டு டிஸ்க். அப்போது விற்ற கேமிங் லேப்டாப்புகளில் இந்த ஜோடி சர்வசாதாரணம். பெட்டியின் மேல் ‘1 டிபி + 256 ஜிபி’ என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். கேம் எல்லாம் போய் உட்காருவது அந்த மெதுவான 1 டிபியில்தான் என்பதை வாங்கும்போது யாரும் சொல்வதில்லை.

நான் கடைக்காரன் இல்லை. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பிரிவில் வேலை. கையில் ஸ்க்ரூ டிரைவர் இருக்கிறது என்பதால் சொந்தபந்தத்தில் யார் லேப்டாப் மக்கர் செய்தாலும் என்னிடம் வந்து சேரும். அப்படித் திறந்ததில் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். மருமகனுக்கு நான் சொன்ன முதல் பதில், “நீ கேக்குற சாமானே கடையில இல்லடா.”

உண்மையும் அதுதான். லேப்டாப்பில் நுழையும் தடிமனில் 7200 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 7200 சுற்று) டிஸ்குகள் 1 டிபியோடு நின்றுவிட்டன. 7 மி.மீ. தடிமனில் 2 டிபி கிடைக்கும், ஆனால் அது 5400 சுற்று. அதற்கு மேல் 3, 4, 5 டிபி என்று போனால் தடிமன் 15 மி.மீ. ஆகிவிடும், லேப்டாப்புக்குள் போகவே போகாது, பாஸ்போர்ட் அளவு வெளி டிஸ்குகளுக்குள் இருப்பவை அவை. ஆக, ‘பெரிசு’, ‘வேகம்’ இரண்டையும் ஒரே ஹார்டு டிஸ்கில் கேட்டால் லேப்டாப்பில் வழி இல்லை.

சரி, 1 டிபியிலேயே 5400-ஐக் கழற்றிவிட்டு 7200 போட்டால்? இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். பையன் படிக்கிற படிப்புக்கு இது ஒரு பொருட்டே இல்லை, ஆனாலும் அவன் போட்டுப் பார்த்ததில்லை.

நிமிடத்துக்கு 5400 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 11.1 மில்லி வினாடி. தேடும் இடம் ஹெட்டுக்கு (தட்டிலிருந்து படிக்கும் முனைக்கு) கீழே வர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும், அது 5.6 மில்லி வினாடி. 7200-ல் அதே காத்திருப்பு 4.2. ஆனால் அதற்கு முன்னால் ஹெட் சரியான வட்டத்துக்கு நகர்ந்து போக வேண்டுமே? லேப்டாப் டிஸ்கில் அதற்குச் சுமார் 12 மில்லி வினாடி ஆகும். கூட்டிப் பார்த்தால் ஒரு தேடலுக்கு 17.6-க்குப் பதில் 16.2. ஒரு கேம் ஆயிரம் சின்னத் துண்டுகளை டிஸ்கின் வெவ்வேறு மூலைகளிலிருந்து எடுக்கிறது என்று வையுங்கள்: பழையதில் 17.6 வினாடி, புதியதில் 16.2 வினாடி. ஒன்றரை வினாடிகூட மிச்சமில்லை. எஸ்எஸ்டியில் நகரும் பாகம் எதுவும் கிடையாது, ஒரு தேடலுக்குச் சுமார் 0.1 மில்லி வினாடி. ஆயிரம் தேடலும் முடிய 0.1 வினாடி.

இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டியதும் அவன் 7200 பேச்சை விட்டுவிட்டான். காசு போட்டு அதே சாமானைத் திரும்ப வாங்குவதற்குச் சமம் அது. கூடவே சூடும் அதிர்வும் கொஞ்சம் கூடும்.

2 டிபி 5400 டிஸ்கைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தத் தடிமனில் இவ்வளவு கொள்ளளவை அடக்க, தடங்களை ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருப்பது போல எழுதுகிறார்கள். நாட்டு ஓடு வேய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் இருக்கும் ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமானால் மேலே ஏறி உட்கார்ந்திருப்பதை எல்லாம் எடுத்து, மறுபடி அடுக்க வேண்டும். இதுவும் அப்படியே. புதிதாக எழுதும்போது சுமாராக ஓடும். ஏற்கெனவே இருப்பதை மாற்றி எழுதும்போது திணறும். கேம் அப்டேட் என்பது இருப்பதை மாற்றி எழுதுகிற வேலைதான். கேம் வாங்கி இறக்கும் ஸ்டீம் செயலி ‘பேட்சிங்’ என்று காட்டிக்கொண்டு, டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்க, நீங்கள் சாப்பிட்டுக் கை கழுவி வந்த பின்னும் அதே இடத்தில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். படம், பாட்டு, கல்யாண வீடியோ போட்டு வைக்க இந்த டிஸ்க் நல்லது. கேமுக்கு வேண்டாம்.

ஹைப்ரிட் என்று ஒரு வகை கொஞ்ச காலம் ஓடியது: ஹார்டு டிஸ்கோடு 8 ஜிபி ஃபிளாஷ் (எஸ்எஸ்டியில் இருக்கும் அதே வகைச் சிப்). 8 ஜிபி எந்த மூலைக்கு? ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 கேட்கும் இடம் 150 ஜிபி. பழைய ஸ்டாக் என்று யாராவது குறைந்த விலைக்குத் தள்ளிவிடப் பார்த்தாலும் வாங்காதீர்கள்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. எஸ்எஸ்டி இருந்தால் நல்லது என்று சொல்லிக்கொண்டிருந்த கேம்கள் இப்போது எஸ்எஸ்டி இருந்தே ஆக வேண்டும் என்கின்றன. 2023-ல் வந்த ஸ்டார்ஃபீல்டு 125 ஜிபி, பால்டர்ஸ் கேட் 3 150 ஜிபி. இரண்டின் குறைந்தபட்சத் தேவையிலும் எஸ்எஸ்டி உண்டு. சைபர்பங்க் 2077 முதலில் ஹார்டு டிஸ்கிலும் ஓடும் என்றுதான் வந்தது; 2023-ல் 2.0 அப்டேட்டோடு அதுவும் எஸ்எஸ்டிக்கு மாறிவிட்டது. இனி ஹார்டு டிஸ்கை மனதில் வைத்துக் கேம் செய்ய யாரும் மெனக்கெட மாட்டார்கள்.

எஸ்எஸ்டி போட்டால் எஃப்பிஎஸ் ஏறும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். ஒரு வினாடிக்கு எத்தனை படம் என்பது கிராபிக்ஸ் கார்டும் பிராசசரும் பார்க்கும் வேலை. டிஸ்க் மாறினால் லோடிங் குறையும். பெரிய திறந்தவெளிக் கேமில் குதிரையை வேகமாக விரட்டும்போது மரமும் வீடும் தாமதமாக முளைப்பது, படம் நடுவில் ஒரு நொடி உறைவது, இவை குறையும். ஃபார்ட்டி எஃப்பிஎஸ் வந்த இடத்தில் அறுபது வராது.

லோடிங் தாமதம் எல்லாமே டிஸ்கின் குற்றமும் இல்லை. ஜிடிஏ ஆன்லைன் திறக்க நிமிடக்கணக்கில் ஆகும் என்று வருடக்கணக்காக எல்லோரும் ஹார்டு டிஸ்கைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். 2021-ல் ஒரு புரோகிராமர் உட்கார்ந்து ஆராய்ந்து பார்த்தால், சுமார் 10 எம்பி உள்ள ஒரு பட்டியலைப் படிப்பதற்குப் பிராசசர் தேவையில்லாமல் திரும்பத் திரும்ப மெனக்கெட்டுக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்ததும் அவருடைய லோடிங் நேரம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. கேம் நிறுவனமே அதை ஏற்று, அந்த மார்ச்சில் அப்டேட் விட்டு, அவருக்கு 10,000 டாலரும் கொடுத்தது. ஆகவே எவ்வளவு வேகமான எஸ்எஸ்டி வாங்கினாலும், பிராசசர் செய்யும் வேலைக்கான நேரம் அப்படியே இருக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த ஒப்பீட்டுக்கு வாருங்கள்.

சாட்டாவா, என்விஎம்இயா

எஸ்எஸ்டியை லேப்டாப்போடு இணைக்க இரண்டு வழி: ஹார்டு டிஸ்குக்கும் பயன்படும் பழைய இணைப்பு சாட்டா, எஸ்எஸ்டிக்கென்றே வந்த வேகமான வழி என்விஎம்இ. வேக எண்களை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை. லேப்டாப் ஹார்டு டிஸ்க் வரிசையாகப் படிக்கும்போது வினாடிக்கு 100 முதல் 140 எம்பி. 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி 550 எம்பி சுற்றுவட்டாரம். அந்த இணைப்பின் உச்சமே அதுதான். என்விஎம்இயில் தலைமுறை (ஜென்) ஏற ஏற வேகம் ஏறும்: ஜென் 3 என்றால் 3,500 வரை, ஜென் 4 என்றால் 7,000-ஐத் தாண்டும், ஜென் 5 என்றால் 10,000-க்கும் மேல்.

எண்ணில் ஜென் 4 சாட்டாவைப் போலப் பன்னிரண்டு மடங்கு. கேமில்? ஹார்டு டிஸ்கிலிருந்து சாட்டா எஸ்எஸ்டிக்கு வந்தால் ஒன்றரை நிமிடம் அரை நிமிடமாகும் என்று வையுங்கள்; சாட்டாவிலிருந்து என்விஎம்இக்குப் போனால் அந்த அரை நிமிடத்தில் சில வினாடிகள்தான் குறையும். காரணம் மேலே சொன்னதுதான். டிஸ்க் கொண்டுவந்து கொட்டிய சரக்கைப் பிரித்து அடுக்குவது பிராசசர். பாலக்கோடு மண்டிக்குத் தக்காளி லாரி எவ்வளவு வேகமாக வந்தாலும், இறக்கி எடை போடுகிற ஆள் அதே நான்கு பேர் என்றால் ஏலம் சீக்கிரம் முடிந்துவிடுமா?

இந்தத் தடையைத் தளர்த்தத்தான் மைக்ரோசாஃப்ட் 2022-ல் டைரக்ட் ஸ்டோரேஜ் என்ற ஏற்பாட்டைக் கேம் நிறுவனங்களுக்குக் கொடுத்தது. பிரிக்கும் வேலையைக் கிராபிக்ஸ் கார்டே செய்ய அதில் வழி உண்டு. பயன்படுத்தும் கேம்கள் இன்னும் கொஞ்சம்தான்.

எனவே என் கருத்து, பலர் முகம் சுளித்தாலும், இதுதான்: பழைய லேப்டாப்பில் காலியான எம்.2 ஸ்லாட் (மெல்லிய அட்டை வடிவ எஸ்எஸ்டி செருகும் இடம்) இல்லை, ஹார்டு டிஸ்க் இருக்கும் 2.5 அங்குல இடம் மட்டும்தான் என்றால், சாட்டா எஸ்எஸ்டி வாங்கப் பயப்படவே வேண்டாம். ஹார்டு டிஸ்க் கழன்ற அதே இடத்தில், அதே ரிப்பனில், அதே தகட்டில் உட்காரும். விண்டோஸ் இருக்கும் எஸ்எஸ்டியைத் தொடவே வேண்டியதில்லை. குளோன் (டிஸ்கை அப்படியே நகலெடுப்பது), மறு இன்ஸ்டால், பிட்லாக்கர் கீ (விண்டோஸ் டிஸ்குக்குப் போடும் பூட்டின் சாவி எண்) என்ற எந்தத் தலைவலியும் கிடையாது. முதல் தடவை திறப்பவருக்கு இதைவிடப் பாதுகாப்பான வேலை இல்லை.

ஆனால் காலி எம்.2 ஸ்லாட் இருந்து, அது என்விஎம்இ ஏற்குமானால், சாட்டா வாங்குவதில் அர்த்தமில்லை. விலையில் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. சில சமயம் என்விஎம்இயே மலிவாகக் கிடைக்கும். ஹார்டு டிஸ்கையும் கழற்றாமல் விட்டுவிடலாம்.

எம்.2 என்ற சொல்லில்தான் நான் ஒருமுறை வழுக்கினேன். எம்.2 என்பது வடிவத்தின் பெயர். 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம் என்றால் 2280. அந்த வடிவத்துக்குள் சாட்டாவும் வரும், என்விஎம்இயும் வரும். சில வருடம் முன்னால் சகலையின் லேப்டாப்புக்காகக் கடையில் போய், “500 ஜிபி எம்.2 ஒண்ணு குடுங்க” என்றேன். கொடுத்தார்கள். வீட்டில் மாட்டினேன். அழகாக உட்கார்ந்தது, திருகாணியும் ஏறியது. பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரையில்) ஆளையே காணோம். கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி, கடைசியில் சாமான் பழுது என்று முடிவுகட்டி, மறுநாள் லீவு போட்டுவிட்டுக் கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். அந்தக் கடைப் பையன் ஒன்றும் பேசாமல் வேறொரு கணினியில் செருகிக் காட்டினான். ஜம்மென்று வேலை செய்தது. நான் வாங்கியது எம்.2 சாட்டா. சகலையின் ஸ்லாட் என்விஎம்இ மட்டும் ஏற்பது. நான் கேட்டதைத்தான் அவர்கள் கொடுத்திருந்தார்கள்.

அதனால் வாங்கும்போது ‘எம்.2’ என்று மட்டும் சொல்லாதீர்கள், ‘எம்.2 என்விஎம்இ 2280’ என்று முழுசாகச் சொல்லுங்கள். தங்கநிறப் பல்வரிசையில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டு என்றால் என்விஎம்இ. ஆனாலும் கண்ணால் பார்ப்பதைவிட அட்டையில் எழுதியிருப்பதைப் படிப்பதே மேல்.

மூடிக்குள் என்ன இருந்தது

இவ்வளவும் பேசிவிட்டு அவன் லேப்டாப்பைத் திறந்தோம். மாடல் எண்ணைப் போட்டுத் தேடினாலே ஸ்லாட் விவரம் கிடைக்கும், ஆனால் ஒரே மாடல் பெயரில் பல வடிவம் வரும். பெரிய பேட்டரி வைத்த வகையில் 2.5 அங்குல இடமே இல்லாமல் போவதும் உண்டு. திறந்து பார்ப்பதே உறுதி. வாரண்டி மிச்சம் இருந்தால் மட்டும் முதலில் அந்த நிறுவனத்தின் சர்வீஸ் எண்ணுக்குப் பேசி, பயனர் திறக்கலாமா என்று கேட்டுவிடுங்கள்.

பவர் ஆஃப், சார்ஜர் வெளியே. அடியில் பதினொரு திருகாணி. எல்லாம் ஒரே நீளம் இல்லை. நீளமானதைக் குட்டையான இடத்தில் முறுக்கினால் கீபோர்டுப் பக்கம் புடைத்துக்கொண்டு வரும். அதனால் ஒரு தெர்மாகோல் துண்டில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தைக் கோடாக வரைந்து, எந்த இடத்தில் கழற்றினோமோ அந்த இடத்தில் குத்தி வைப்பது என் பழக்கம். மூடியை நெம்ப இரும்பு எதுவும் வேண்டாம், பழைய ஏடிஎம் கார்டு போதும். மூலையில் செருகி ஓட்டினால் ‘டக், டக்’ என்று கிளிப் ஒவ்வொன்றாக விடும். அந்தச் சத்தத்துக்குத்தான் பையன் பயந்தான்.

மூடியைத் தூக்கியதும் முதலில் தெரிந்தது தூசி. ஃபேனின் வாயில், வெப்பம் போகும் செம்புத் தகடுகளின் மேல், விரல்நக கனத்துக்கு ஒரு சாம்பல்நிறப் போர்வை. கிரானைட் குவாரி மாவட்டத்தில் ஜன்னலோரம் மேசை போட்டு விளையாடுகிறான், வேறென்ன இருக்கும்? கேம் நடுவில் திடீரென்று மந்தமாவதில் பாதிக் காரணம் அங்கேயே இருந்தது. புது டிஸ்க் வாங்கும் முன்பே அதைச் சுத்தம் செய்தோம். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு பிரஷ் போட வேண்டும், சுழலவிட்டு ஊதக் கூடாது.

ஆனால் பிரஷ் எடுப்பதற்கும் முன்னால் பேட்டரி இணைப்பான். மதர்போர்டிலிருந்து அதை நகத்தால் மெல்லத் தள்ளிக் கழற்றிய பிறகுதான் வேறு எதையும் தொட வேண்டும். அதற்குப் பிறகு பார்த்தால், ஒரு எம்.2 ஸ்லாட்டில் 256 ஜிபி, பக்கத்தில் இன்னொன்று காலி. நான்கு வருடமாக அந்த ஸ்லாட் சும்மா கிடந்திருக்கிறது. ஆனால் அதன் நுனியில் இருக்க வேண்டிய குட்டித் திருகாணி இல்லை. இது அடிக்கடி நடக்கும். எம்.2 எஸ்எஸ்டியை அழுத்திப் பிடிப்பது அந்த ஒரே திருகாணிதான். எஸ்எஸ்டி பெட்டியில் பெரும்பாலும் அது வராது. லேப்டாப் சர்வீஸ் செய்கிற எந்தக் கடையிலும் டப்பா நிறைய வைத்திருப்பார்கள், ஒன்றை மாதிரிக்குக் கழற்றி எடுத்துப் போய்க் காட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

ரேம் ஸ்லாட்டும் ஒன்று காலி. அங்கேயே முடிவு பாதி மாறியது. 8 ஜிபி ரேமோடு இன்றைய கேம் ஓட்டினால், ரேமில் இடம் போதாமல் விண்டோஸ் டிஸ்கைத் துணைக்கு இழுக்கும். பையன் டிஸ்க் மெதுவு என்று நினைத்ததில் ஒரு பங்கு இந்த ரேம் பற்றாக்குறை. 2 டிபி வாங்க வைத்திருந்த பணத்தில் 1 டிபி எஸ்எஸ்டியும் இன்னொரு 8 ஜிபி ரேமும் வாங்கு என்றேன். ஒற்றை ரேம் ஜோடியானால் இரண்டு சேனலிலும் (ரேமுக்கான இரண்டு பாதையிலும்) ஓடும். எஃப்பிஎஸ் ஏறுவதற்கு வாய்ப்பு அதில்தான் இருக்கிறது.

எந்த என்விஎம்இ

ரைசன் 5000 வரிசை லேப்டாப்புகளில் எஸ்எஸ்டி ஸ்லாட் ஜென் 3தான். ஏஎம்டியில் ஜென் 4 வந்தது 6000 வரிசையிலிருந்து. இன்டெலில் 11-ஆம் தலைமுறையிலிருந்து. ஜென் 4 எஸ்எஸ்டியை ஜென் 3 ஸ்லாட்டில் போட்டால் கெட்டுப்போகாது, ஜென் 3 வேகத்தில் ஓடும். ஆகவே விலை ஒன்று என்றால் ஜென் 4 வாங்கலாம், நாளை வேறு லேப்டாப்புக்குப் போகும். அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். ஜென் 5 லேப்டாப்புக்குச் சூட்டுப் பெட்டி. மேலே அலுமினியத் தகடு ஒட்டி வரும் வகைகளும் வேண்டாம், மூடி சாத்தாது.

நான் அதிகம் பார்ப்பது உள்ளே இருக்கும் ஃபிளாஷ் டிஎல்சியா, கியூஎல்சியா என்பதை. டிஎல்சியில் ஒரு செல்லுக்கு மூன்று பிட், கியூஎல்சியில் நான்கு. நெருக்கி அடைத்தால் மலிவு, ஆனால் எழுதுவது மெதுவு. முதல் கொஞ்ச ஜிபிக்கு ஒரு வேகத் திண்ணை வைத்து மறைத்துவிடுவார்கள். திண்ணை நிறைந்ததும் கியூஎல்சி சில நேரம் ஹார்டு டிஸ்க் வேகத்துக்கே இறங்கும்.

அது கேம் விளையாடுபவருக்கு உறைக்குமா? அவ்வளவாக இல்லை என்பதே என் எண்ணம். வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் என்றால் வினாடிக்கு இறங்குவது 12.5 எம்பி. 150 ஜிபி கேம் இறங்க மூன்று மணி இருபது நிமிடம். அந்த வேகத்துக்கு எந்த எஸ்எஸ்டியும் கொட்டாவி விட்டுக்கொண்டே எழுதும். தாங்கும் ஆயுளும் அப்படித்தான். 1 டிபி டிஎல்சியில் 600 டிபி எழுதலாம் என்று உத்தரவாதம் தருவது வழக்கம். கியூஎல்சியில் 220 என்று போட்டதும் உண்டு. ஒரு நாளைக்கு 50 ஜிபி எழுதினால்கூட முதலாவது 32 வருடம், இரண்டாவது 12 வருடம். லேப்டாப்பே அதுவரை இருக்காது. ஆனால் வீடியோ எடிட் செய்பவர், பெரிய கோப்புகளை இடம் மாற்றிக்கொண்டே இருப்பவர் என்றால் டிஎல்சி. விலை வித்தியாசம் சொற்பமாக இருக்கும்போது நானும் டிஎல்சி பக்கம்தான் சாய்வேன்.

எஸ்எஸ்டிக்குள் டிராம் (எது எங்கே இருக்கிறது என்று குறித்து வைக்கும் சிறு நினைவகம்) இருக்கிறதா என்று ஒரு விவாதம் ஓடும். என்விஎம்இயில் டிராம் இல்லாவிட்டாலும் லேப்டாப்பின் ரேமில் ஒரு சிறு பங்கை இரவல் வாங்கிச் சமாளித்துக்கொள்ளும். சாட்டாவில் அந்த இரவல் வசதி இல்லை. எனவே 2.5 அங்குல சாட்டா வாங்குபவர் டிராம் உள்ளதாகப் பார்த்து வாங்கட்டும். என்விஎம்இ வாங்கும் கேமர் அதைப் பற்றித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

விலையை இங்கே எழுதவில்லை. 2025 கடைசியிலிருந்து ஃபிளாஷ், ரேம் விலை இரண்டும் தக்காளி போல ஆகிவிட்டது. நான் எழுதி முடிப்பதற்குள் மாறிவிடும். வாங்கும் அன்று விலையை ஜிபியால் வகுத்துப் பாருங்கள், அது போதும். 512-ஐவிட 1 டிபியில் ஜிபி விலை குறைவாகவே இருக்கும்.

எங்கே வாங்குவது

நம் பக்கத்து ஆட்களுக்கு மூன்று வழி: ஊர்க்கடை, பெங்களூர் எஸ்பி ரோடு (எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு), ஆன்லைன். கிருஷ்ணகிரிக்கு இன்னும் ரயில் இல்லை. பஸ் ஏறி 90 கிலோமீட்டர், அதற்கப்புறம் நகர நெரிசல், ஒரு நாள் போய்விடும். தர்மபுரிக்காரருக்கு ரயில் உண்டு, தூரம் இன்னும் அதிகம். ஒரே ஒரு எஸ்எஸ்டிக்காக அந்த அலைச்சல் கட்டாது. நாலு பேர் சேர்ந்து வாங்கினால் மட்டும் போங்கள், அங்கே பேரம் படியும். பில் இல்லாமல் விலை சொன்னால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

ஊர்க்கடையில் விலை கொஞ்சம் கூட இருக்கலாம். ஆனால் சேரவில்லை என்றால் மறுநாளே போய் நிற்கலாம். சகலை கதையில் எனக்குக் கைகொடுத்தது அதுதான். ஆன்லைனில் விலை குறைவு. விற்பவர் யார், இந்திய வாரண்டி உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நம்ப முடியாத விலைக்கு 16 டிபி எஸ்எஸ்டி என்று விற்பதெல்லாம் ஏமாற்று. அதைப் பிளந்தால் உள்ளே ஒரு மெமரி கார்டு ஒட்டியிருக்கும். எங்கே வாங்கினாலும் மாட்டியதும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து, எத்தனை மணி நேரம் ஓடியது என்ற வரியைப் பாருங்கள். புதியதில் அது பூஜ்யம், மிஞ்சினால் ஓரிரு மணி. ஆயிரக்கணக்கில் காட்டினால் அது ஏற்கெனவே வேறு எங்கோ உழைத்துவிட்டு வந்த சரக்கு.

பையன் ஊர்க்கடையில்தான் வாங்கினான், 1 டிபி டிஎல்சி ஒன்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாட்டினோம். சாய்வாகச் செருகி, அழுத்திப் படுக்கவைத்து, திருகாணி போட்டு, பேட்டரியை இணைத்து மூடினால் இரண்டு நிமிட வேலை. ஆன் செய்ததும் அவன் முகம் வாடிவிட்டது. “மாமா, காட்டவே இல்ல.” புது டிஸ்க் தானாகத் தெரியாது. டிஸ்க் மேனேஜ்மெண்டைத் திறந்து, ஜிபிடி என்று தேர்ந்தெடுத்து, ஃபார்மெட் செய்த பிறகுதான் அது பெயர் வைத்துக்கொண்டு வரும். 1 டிபி என்று வாங்கியது 931 என்று காட்டும். அது ஏமாற்று இல்லை, விண்டோஸ் 1024-ஆல் எண்ணுகிறது.

கேமை மறுபடி டவுன்லோடு செய்ய வேண்டாம். ஸ்டீமில் கேமின் மேல் வலது கிளிக், பிராப்பர்ட்டிஸ், அங்கே இடம் மாற்றும் பட்டன். 150 ஜிபியைப் பழைய ஹார்டு டிஸ்கிலிருந்து இழுக்க அரை மணிக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. எஸ்எஸ்டி சும்மாதான் இருந்தது, தாமதம் எல்லாம் பழையவரால். முன்பு போன் ஸ்டாப்வாட்ச் வைத்து 1 நிமிடம் 50 வினாடி என்று குறித்து வைத்திருந்த லோடிங், இப்போது 38 வினாடி. ஹார்டு டிஸ்க் உள்ளேயே இருக்கிறது, படமும் பாடக் குறிப்பும் அதில்.

அதற்கு அடுத்த வாரம் அவனோடு படிக்கும் பாலக்கோட்டுப் பையன் ஒருவன் தன் லேப்டாப்போடு வந்தான். “அண்ணா, எனக்கும் 1 டிபி போட்டுக் குடுங்க” என்றான். திறந்தால் ஒரே எம்.2 ஸ்லாட், அதில் 512. ஹார்டு டிஸ்க் வைக்க இடமே இல்லை. அவனுக்கு வேறு கணக்கு. இருப்பதைக் கழற்றினால்தான் புதியது ஏறும், அதாவது விண்டோஸையும் குளோன் செய்ய வேண்டும். குளோனுக்குப் புது எஸ்எஸ்டியை வெளியிலிருந்து இணைக்க ஒரு யுஎஸ்பி கேஸ் வாங்க வேண்டும். பிட்லாக்கர் கீயை முதலில் எடுத்து வைக்க வேண்டும். இவ்வளவும் செய்து அவனுக்குக் கூடுவது 931-இல் 476 போக 455 ஜிபி, மூன்று பெரிய கேம். 2 டிபிக்குப் பணம் சேரும் வரை இரு, அதுவரை விளையாடாத கேமை அழி என்றேன். அவன் லேப்டாப்பில் எட்டு மாதமாகத் திறக்காத கேம் ஒன்று மட்டும் 110 ஜிபி பிடித்துக்கொண்டிருந்தது. அழிக்க மனசு வராமல் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். மூடியைச் சாத்தி, தெர்மாகோலில் இருந்த திருகாணிகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கொடுத்தேன்.